பழங்கடனும் பற்றுச்சீட்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் மேடையில் கடனைப் பற்றிப் பேசுவது, பந்தியில் பாயசத்துக்கு முன் கஷாயம் பரிமாறுவது போலத் தோன்றலாம். ஆயினும் செயற்குழுவினர் இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. எப்போதோ வாங்கியதாகச் சொல்லப்படும் கடனைக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளாலும் நோட்டீசுகளாலும் நம் காலனிக் குடும்பங்கள் சில உறக்கம் இழந்துள்ளன. அவர்களுள் சிலர் சங்கத்தின் கதவைத் தட்டினர். வெளியே சொல்ல நாணித் தமக்குள்ளேயே வெந்தவர் எத்தனை பேரோ!

நாம் வக்கீல் அல்லோம். பட்டியலும் வவுச்சரும் சரிபார்ப்பதே நமது வேலை. இரயில்வேயில் ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமாயினும் யாருக்கு, எதற்கு, எவர் உத்தரவின்மேல் என்று தாளில் இருத்தல் வேண்டும். அலுவலகத்தில் அரசாங்கத்தின் பணத்துக்கு இவ்வளவு காவல் காக்கும் நாம், வீட்டில் நம் சொந்தப் பணத்தை, யாரென்றே தெரியாத ஒருவர் அதட்டிக் கேட்டவுடன் கொடுத்து விடுகிறோம். இது முறையாகுமா? பணம் கொடுக்குமுன் தாள் கேட்க வேண்டும் என்பதே இன்று நாம் கூற வந்த செய்தி.

நம் முன்னோர் இரயில் வேலை தேடி வங்காளத்துக்கு வந்த நாளில் வசூல்காரர் வேறு உருவத்தில் இருந்தார். சென்னையில் ஈட்டிக்காரர் என்றும், இங்கே காபூலிவாலா என்றும் வழங்கப்பட்ட வட்டிக்காரர், சம்பள நாளன்று ஆலை வாயிலில் தடியுடன் காத்து நிற்பார். 1929 இல் அமைக்கப்பட்டு 1931 இல் அறிக்கை தந்த விட்லி துரையின் இராயல் தொழிலாளர் கமிஷன் இக்கொடுமையை ஆராய்ந்தது. கடன் வசூலுக்காகத் தொழிற்சாலையைச் சூழ்ந்து நிற்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் வழியே 1934 இல் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் தோன்றிற்று; வேலைத்தலத்தின் அருகே கடன் வசூலுக்காக வட்டமிடுதல் தண்டனைக்குரிய செயலாயிற்று. கடன் உண்மையானதாகவே இருப்பினும், அதை வசூலிக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் ஒப்புக்கொள்ளப்பட்ட நீதியாகும்.

இன்று தடி மறைந்து கைப்பேசி வந்துள்ளது. கடன் கொடுத்த வங்கியே கேட்க வேண்டும் என்பதும் இல்லை. 2002 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ், வாராக் கடன்களைச் சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிகள் வங்கிகளிடமிருந்து விலைக்கு வாங்குகின்றன. அவை வசூலுக்கு முகவர்களை அமர்த்துகின்றன. ஆகவே நாம் கேள்விப்பட்டேயிராத ஒரு பெயரில் நோட்டீசு வருகிறது. நம்மைப் போன்ற இரயில்வேக் குடும்பங்களுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் குவார்ட்டர்சு மாறும். பழைய முகவரிக்குச் சென்ற கடிதம் நம் கைக்கு எட்டாது. மூட்டை கட்டும் அவசரத்தில் பற்றுச்சீட்டுகள் தொலையும். பத்தாண்டு கழித்து ஒருவர் வந்து கேட்கையில், கொடுத்தோமா இல்லையா என்று நமக்கே ஐயம் பிறக்கிறது. அந்த ஐயமே வசூல்காரரின் மூலதனம்.

நம் காலனியில் கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தாயாருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். கணவர் 2011 இல் வைத்திருந்த கடன் அட்டையில் பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி என்றும், அது வட்டியோடு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிட்டது என்றும் அழைப்பு வந்தது. "உங்கள் மகன் வேலைக்கு மனுப் போடும்போது இது தெரியவரும், போலீசும் வரும்" என்றனர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போதைக்கு இரண்டாயிரம் கட்டி, அனுப்பும் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் அம்மா, மேலிடத்தில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்றனர். அந்த அம்மையார் வளையலை அடகு வைக்கப் புறப்பட்டு விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தடுத்துச் சங்கத்துக்கு அழைத்து வந்தார்.

இவ்வழக்கை வைத்தே சட்டத்தின் நிலையைக் காண்போம்.

முதலாவது, காலம். நம் ஊர்ப்பக்கத்தில் புரோநோட்டு வைத்திருப்பவர் மூன்று ஆண்டு முடியுமுன் ஓடிவந்து, "பத்து ரூபாயாவது கொடுத்து நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று மன்றாடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இல்லையேல் நோட்டு காலாவதியாகிவிடும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிவர். அந்த நாட்டு வழக்கின் பின்னே நிற்பது 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். கைக்கடன், புரோநோட்டு, கடன் அட்டைப் பாக்கி முதலியவற்றுக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக 3 ஆண்டுகளே தவணை. தவணை கடந்த வழக்கை, எதிராளி அதனைச் சுட்டிக்காட்டாவிடினும், கோர்ட்டு தள்ளுபடி செய்தல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு கூறுகின்றது.

ஆனால் எல்லாக் கடனுக்கும் இதே கணக்கு என்று எண்ணிவிடலாகாது. வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த கடனுக்கு 12 ஆண்டு. கோர்ட்டில் டிக்கிரி ஆகிவிட்ட கடனை நிறைவேற்றவும் 12 ஆண்டு. கொரோனாத் தொற்றின் காரணமாக 15-3-2020 முதல் 28-2-2022 வரையுள்ள நாட்களைத் தவணைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டதையும் மறத்தல் கூடாது. மேலும், தவணை கடந்தால் வழக்குத் தொடுக்கும் உரிமை போகுமேயன்றிக் கடன் அழிந்து போவதில்லை. 1958 இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே கேட்பவர் பணிவாகக் கேட்கலாம். கோர்ட்டின் துணைகொண்டு பிடுங்க முடியாது.

இரண்டாவது, கையெழுத்து. தவணை முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அன்று தொட்டு மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். தவணைக்குள் ஒரு பகுதியைச் செலுத்தி அதைக் கைப்பட எழுதியோ கையொப்பமிட்டோ கொடுத்தாலும் அவ்வாறே. தவணை முடிந்த பின்னரோ, 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25 ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்துள்ளது. காலாவதியான கடனைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும். இப்போது விளங்குகிறதன்றோ, இரண்டாயிரம் ரூபாயும் ஒரு கையெழுத்தும் ஏன் அவ்வளவு இனிமையாகக் கேட்கப்பட்டன என்பது? அவர்கள் நாடியது இரண்டாயிரத்தை அன்று. மாண்ட கடனை எழுப்பும் அந்தக் கையெழுத்தையே. மின்னஞ்சலும் கைப்பேசிச் செய்தியும் எழுத்தாகக் கொள்ளப்படக் கூடுமாதலின், "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று பதற்றத்தில் செய்தி அனுப்புவதும் ஆபத்தே.

மூன்றாவது, வாரிசு. தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பது அறம் என்ற எண்ணம் நம் குருதியில் ஊறியது. இந்து சட்டமும் ஒரு காலத்தில் அதனைக் கடமையாக்கியிருந்தது. 2005 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 9 ஆம் தேதிக்குப் பிற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை, அந்தப் புனிதக் கடமை ஒன்றையே காரணமாகக் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ வழக்குச் செல்லாது என்று ஆக்கிவிட்டது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ, அவ்வளவுக்கே வாரிசு பொறுப்பாவார். தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கக் கடவரல்லர். தாமே ஜாமீன் கையெழுத்து இட்டவர் நிலை வேறு. ஜாமீன்தாரர் கடன்காரருக்குச் சமமான பொறுப்புடையவர்.

இரயில்வேக்காரர் அச்சம் நீங்க மேலும் ஒன்று சொல்வோம். அரசாங்க வருங்கால வைப்பு நிதி 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜப்தியிலிருந்து காக்கப்பட்டது. ஓய்வூதியத்தை ஜப்தி செய்தல் ஆகாது. சம்பளத்திலும், சாதாரணக் கடனுக்கான டிக்கிரியில், முதல் 1000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் ஜப்திக்கு உட்படா. அதுவும் கோர்ட்டு தீர்ப்பளித்த பின்னரே. "நாளைக்கே உங்கள் சம்பளத்தை நிறுத்துகிறோம்" என்று தொலைபேசியில் சொல்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நாமே பிடித்தத்துக்கு எழுதிக் கொடுத்த கூட்டுறவுச் சங்கக் கடனை இதனோடு குழப்பிக்கொள்ளற்க.

போலீசு வரும் என்பதும் அவ்வாறே. கடனைத் திருப்பித் தர இயலாமை மட்டும் குற்றமாகாது. வசதியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையிலிடுவது தகாது என்று 1980 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் நாம் கொடுத்த செக்கு பணமின்றித் திரும்பினால் அது தனி வழக்கு. அதில் தண்டனையும் உண்டு. ஆதலின் வசூல்காரரிடம் தேதியிடாத செக்கைக் கொடுக்கவே கூடாது.

இனி, செய்ய வேண்டுவன யாவை? அழைப்பு வந்தவுடன் சினந்து கத்தவும் வேண்டா, கெஞ்சவும் வேண்டா. "எதுவாயினும் எழுத்தில் அனுப்புங்கள்" என்ற ஒரே வாக்கியம் போதும். பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு, வந்த இரகசிய எண் ஆகியவற்றைச் சொல்லலாகாது. வசூல்காரர் வேடத்தில் மோசடிக்காரரும் உலவுகின்றனர். அத்தகையோரிடம் பணம் இழந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுதல் வேண்டும். நேரில் வருபவர் உண்மையான முகவராயின் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருப்பார்; 2008 இலேயே ரிசர்வ் வங்கி இவற்றைக் கட்டாயமாக்கியது.

அடுத்து ஒரு கடிதம். "நான் வாங்கிய கடன்" என்று தொடங்காதீர்கள். "தாங்கள் கோரும் தொகை" என்று தொடங்குங்கள். அதில் கேட்க வேண்டுவன ஐந்து:

1. மூல ஒப்பந்தத்தின் நகல்.

2. அசல், வட்டி, கட்டணம் என்று பிரித்துக் காட்டிய முழுக் கணக்கு.

3. கடைசியாகப் பணம் வரவான தேதியும், அதற்குரிய சான்றும்.

4. கடன் கைமாறியிருப்பின் அந்த மாற்றுப் பத்திரத்தின் நகல்.

5. வசூலிக்க வந்தவரின் அதிகாரக் கடிதம்.

இறுதியில், "இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது, தவணை கடந்தது உள்ளிட்ட எல்லா ஆட்சேபங்களும் நிலுவையில் உள்ளன" என்று எழுதுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, இரசீதையும் பட்டுவாடாச் சான்றையும் நகலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். பணமாகவே செலுத்தித் தீர்த்த கடனாயின் பாக்கியில்லாச் சான்றின் நகலை இணையுங்கள். மூலத்தை ஒருபோதும் கையைவிட்டுக் கொடாதீர்கள்.

தொல்லை தொடர்ந்தால் நாள், மணி, எண், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருக. கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது. உறவினரையும் நண்பரையும் துன்புறுத்தலாகாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. முதலில் வங்கிக்கோ கம்பெனிக்கோ எழுத்தில் புகார் செய்க. 30 நாளில் விடை வாராவிடினும், வந்த விடை திருப்தி தாராவிடினும், ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். கணினி பழகாதவர் சண்டிகாரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்கு அஞ்சலிலும் எழுதலாம்.

மகனின் எதிர்காலத்தைச் சொல்லி அச்சுறுத்துவது பற்றியும் ஒரு சொல். கடன் வரலாற்றை வைத்திருக்கும் கம்பெனிகள் நான்கு. அவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். இல்லாத கடன் அதில் இருந்தால் திருத்தக் கோருங்கள். 30 நாளுக்குள் தீர்வு இல்லையேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்று 2023 இல் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. தந்தையின் கடன் தந்தையின் பெயரிலேயே பதிவாகும். ஜாமீனோ கூட்டுக் கையெழுத்தோ இடாத மகனின் பெயரில் அன்று.

மூவகைத் தாள்களை ஒன்றென மயங்கலாகாது. வக்கீல் நோட்டீசு என்பது ஒரு கடிதமே; அதற்கு மேற்கூறியவாறு விடை எழுதுக. லோக் அதாலத்து அழைப்பு என்பது சமரசத்துக்கான அழைப்பு. உடன்பாடு இல்லையேல் கையொப்பமிட வேண்டா. இட்டால் அது கோர்ட்டு டிக்கிரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. கோர்ட்டு சம்மன் மட்டும் வேறு. "காலாவதியான கடன்தானே" என்று அதைப் பெட்டியில் போட்டு வைப்பவர் தமக்குத் தாமே குழி தோண்டுகிறார். ஆஜராகாவிடின் ஒருதலைத் தீர்ப்பாகி, பின்னர் 12 ஆண்டு துரத்தும். சில வழக்குகளில் 10 நாளுக்குள் ஆஜராதல் வேண்டும். ஏனையவற்றில் எதிர்வாதம் எழுத 30 நாள். வக்கீல் வைக்க வசதியில்லையே என்று கலங்க வேண்டா. 1987 ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ்ப் பெண்கள் யாவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீலைப் பெறலாம்.

அன்பர்களே, இவ்வளவும் கேட்டபின், "அப்படியாயின் கடனே கொடுக்க வேண்டாமோ?" என்று இளைஞர் எவரேனும் நினைத்தால் நமது பேச்சு பாழ். இந்த வங்கத்தின் மகாகவி தாகூர் 1892 இல் எழுதிய 'காபூலிவாலா' கதையை அறிவீர்கள். அதில் இரகமத்து சிறை செல்வதற்குக் காரணம் யாது? சால்வை வாங்கிய ஒருவன் பாக்கியைத் தரவேண்டியதே இல்லை என்று பொய் சாதித்ததுதான். குத்தியது குற்றமே, எனினும் அந்தப் பொய்யும் ஒரு குற்றமன்றோ? இரவல் வாங்கியதை இல்லையென்பது நமக்கு இழுக்கு.

நம் நண்பர் ஒருவர் மேற்சொன்ன ஐந்தையும் கேட்டு எழுதினார். கம்பெனியார் எல்லாத் தாளையும் அனுப்பினர். கடன் உண்மை, தவணையும் கடக்கவில்லை. ஆனால் அவர் செலுத்திய இரண்டு தவணைத் தொகை வரவு வைக்கப்படாமல், அதன்மேல் அபராத வட்டி ஏறியிருந்தது. இரசீதைக் காட்டினார்; கணக்குத் திருத்தப்பட்டது. எஞ்சியதை எட்டு மாதத்தில் கட்டி, பாக்கியில்லாச் சான்று பெற்று, அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டாத குறைதான்! தாள் கேட்டதால் அவர் நாணயம் குறையவில்லை, உறுதியாயிற்று.

அந்தத் தாயாரின் செய்தி யாது எனின், அவர் பெயரில் சங்க அன்பர்கள் கடிதம் எழுதினர். இரண்டு மாதம் விடையில்லை. பிறகு வேறொரு கம்பெனியின் பெயரில் வேறொருவர் அழைத்தார். அவருக்கும் அதே கடிதத்தின் நகல் சென்றது. கேட்ட தாள் ஒன்றும் இதுவரை வரவில்லை. இன்னொருவர் நாளை அழைக்கவும் கூடும். ஆனால் இப்போது அழைப்பு வந்தால் அந்த அம்மையார் நடுங்குவதில்லை. கோப்பை எடுத்து வைத்துக்கொண்டே பேசுகிறார். வளையல் அவர் கையிலேயே இருக்கிறது.

வசூல்காரரின் வலிமை சட்டத்தில் இல்லை. நம் வெட்கத்தில் இருக்கிறது. சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு, காலனியில் நாலு பேர் முன் பெயர் கெடுமோ என்னும் அச்சம் பெரிது. அந்த நாலு பேர் வேறு யாருமல்லர். இங்கே அமர்ந்திருக்கும் நாமே. பக்கத்து வீட்டில் ஒருவர் கடன் நோட்டீசோடு கலங்கி நின்றால், ஏளனம் செய்யாமல் ஒரு நாற்காலியைப் போட்டு, "தாளைக் காட்டுங்கள், சேர்ந்து படிப்போம்" என்று சொல்வோமாயின், வசூல்காரரின் ஆயுதம் முனை மழுங்கிவிடும். இந்தியிலோ வங்காளியிலோ வந்த நோட்டீசைப் படித்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடிதம் எழுதித் தர நாம் இருக்கிறோம். ஞாயிறுதோறும் மாலையில் சங்க நூலகத்துக்கு வருக.